மூணாம் நம்பர் மறைப்பில் அக்கா

"தண்ணி!" என்று கத்துகிற தோரணையிலேயே உள்ளே நிற்கிற ஆள் எப்படிப்பட்டவர், வீட்டில் யார் பேச்சு எடுபடும், காலையில் யாரோடு சண்டை என்பது வரை வெந்நீரம்மாவுக்கு விளங்கிவிடும். முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. பார்த்தால்தான் குழப்பம். மீசையை முறுக்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்குகிற ஆசாமி மறைப்புக்குள் போனதும் "அம்மா, கொஞ்சம் பாத்து ஊத்துங்கம்மா" என்று குழைவார். காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போலிருக்கிற பெண், உள்ளே போய்ச் சோப்புப் போட்டதும் மாமியார் பேரைச் சொல்லித் தண்ணீரை அறைவாள்.

காட்டோரம், ஆற்றங்கரை மேட்டில் எட்டுக் கூடாரங்கள் போட்ட முகாம் அது. குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது. அது கிடையாது இது கிடையாது என்று சொல்லித்தான் ஆட்களை வரவழைக்கிறார்கள். ஆனால் வந்தவர்கள் காட்டுக்குள் ஜீப்பில் காலைச் சவாரி போய், தலைமயிரெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வந்து, "வெந்நீர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கும். கூடாரங்களுக்குப் பின்னால் நாலு குளியல் மறைப்பு. நாலு பக்கமும் கெட்டித் துணி, காலுக்கடியில் மரச்சட்டம், தலைக்கு மேலே வானம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மரக்கிளை, கிளையில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் இருபது லிட்டர் வாளி, வாளியின் அடியில் பூவாளி மூக்கு. விருந்தாளி உள்ளே நின்று குரல் கொடுப்பார். வெளியே வெந்நீரம்மா இரும்புப் பீப்பாயிலிருந்து கொதிநீரை மொண்டு, பச்சைத் தண்ணீர் விளாவி, முழங்கையை முக்கிப் பதம் பார்த்து, வாளியை ஏற்றிக் கயிற்றை முளையில் கட்டுவாள். உள்ளே சங்கிலியை இழுத்தால் மழை. அவ்வளவுதான் ஏற்பாடு.

ஐந்து வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. ஒரு வழக்கறிஞர் ஒவ்வொரு வாளிக்கும் வாதாடிவிட்டுத்தான் குளித்தார். ஒரு பாட்டு வாத்தியார் மூன்று வாளி முடிந்தும் பல்லவியைத் தாண்டவில்லை. ஒரு பெரிய கம்பெனி முதலாளி, சோப்புக் கண்ணில் பட்டு, "அம்மா!" என்று வீறிட்டது அவள் காதில் இன்னமும் இருக்கிறது. சமையல்காரர் கேட்பார், "உனக்கு எப்படிம்மா அலுக்காம இருக்கு?" இவள் சொல்வாள், "உங்க சாப்பாட்டை அவங்க பொய்யாப் பாராட்டுவாங்க. வெந்நீரை யாரும் பொய்யாப் பாராட்ட முடியாது. முதுகு சிலிர்த்தா குரல்ல தெரிஞ்சிடும்."

இங்கே வந்து சேர்ந்ததே ஒரு சண்டையால்தான். அதற்கு முன் சலவைக் கடை, இஸ்திரிப் பெட்டி, இருபத்திரண்டு வருஷம். கட்டினவர், மகளுக்கு ஆறு வயது நடக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, அனுப்பி வைத்துவிட்டுப் பார்த்தால், வீட்டில் பேச ஆளில்லாமல் குக்கர் விசிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முகாமின் படுக்கை விரிப்பெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வெளுக்க வரும். ஒரு முறை தலையணை உறை பன்னிரண்டு குறைகிறது என்று மேனேஜர் சொல்லியனுப்ப, "யாரைத் திருடிங்கறீங்க?" என்று வேனில் ஏறி நேரே முகாமுக்கே வந்துவிட்டாள். வந்த நேரம், தண்ணீர் இழுக்கிற ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நாலு மறைப்பிலும் நாலு பேர், உடம்பெல்லாம் சோப்பு. "ஐயோ பாவமே" என்று சண்டையை ஓரமாக வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்தவள்தான். தலையணை உறை விவகாரம் இன்றுவரை தீரவில்லை.

இந்தத் தடவை வந்த கூட்டம் சின்னது. மேனேஜர் சாயங்காலமே பட்டியல் சொல்லிவிட்டார். தனியாக வந்த ஒரு பல் டாக்டரம்மா. கல்யாணமாகி ஒன்பது நாளே ஆன ஒரு ஜோடி. தபால் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆன ஒருவர், அவர் மனைவி. ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து அவரை இங்கே அனுப்பியிருக்கிறார்களாம், ரிட்டையர்மென்ட் பரிசு. வெந்நீரம்மா அப்போது பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி. சவாரி முடிந்து ஜீப் திரும்பியது. முதல் மறைப்பில் புதுமாப்பிள்ளை, இரண்டாவதில் புதுப்பெண், நடுவில் துணி இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டே குளித்தார்கள். மூன்றாவதிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரும்மா வெளியில? தண்ணி எங்க? ஆத்துக்குப் போய் மொண்டுக்கிட்டு வர்றியா, இல்ல ஆறே இனிமேதான் வரணுமா?"

வெந்நீரம்மாவின் கையில் கயிறு வழுக்கியது. பாதி ஏறின வாளி அந்தரத்தில் ஆடியது.

கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்து, எதிராளி பதில் சொல்ல வாயெடுக்கும் முன் அடுத்த கேள்வியைப் போடுகிற அந்தக் குரலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். கடைசி ஏழு வருஷம் மட்டும் கேட்கவில்லை. உள்ளே நிற்பது அவள் கூடப்பிறந்த அக்கா.

"காது கேக்கலையா?"

மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இதோ வருதும்மா," என்றாள் வெந்நீரம்மா.

"என்ன, சளியா? இவ்வளவு வெந்நீரைக் கையில வச்சுக்கிட்டு ஆவி பிடிக்காம இருக்கியே. உனக்கெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"பிடிக்கறேம்மா."

தண்ணீர் விழுந்தது. உள்ளே சத்தம் அடங்கியது. முதுகு சிலிர்க்கிறது என்று வெந்நீரம்மா புரிந்துகொண்டாள்.

"ஆஹா," என்றாள் அக்கா, வேறு ஒரு குரலில். "உன் கைப்பதத்துக்கு ஒரு வளையல் போடலாம்மா. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அவளை வெந்நீர் போடச் சொன்னா ஒண்ணு கோழி உரிக்கிற சூடு, இல்ல ஐஸ். நடுவுல ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது."

வெந்நீரம்மாவுக்குக் காதுமடல் சுட்டது. மூக்கை விடாமல், "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? பேச்சு விட்டு ஏழு வருஷம் ஆச்சு. எங்கியோ காட்டுப் பக்கம் பெரிய ஹோட்டல்ல மேனேஜரா இருக்காளாம். அந்தத் திமிர்லதான் ஒரு போன் கூடப் போடல."

மேனேஜர்! சம்பந்தி வீட்டில் "காட்டுப் பக்கம் ஹோட்டல் வேலை" என்று இவள் சொல்லி வைத்தது, ஐந்தாறு வாய் மாறி இப்படிப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. வெந்நீரம்மா தன் கரி படிந்த கையையும், முட்டிவரை நனைந்த துணியையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நீங்களே பேசிட வேண்டியதுதானேம்மா?"

"நானா? நான் ஏன் முதல்ல பேசணும்? தப்புப் பண்ணவ பேசட்டும். அவ புத்தி எனக்குத் தெரியாதா? சின்னதுலேருந்தே அரைவேக்காடு."

அடுத்த வாளியில் வெந்நீரம்மா வெந்நீரே சேர்க்கவில்லை. விடிகாலையில் ஆற்றிலிருந்து வந்த தண்ணீர், அப்படியே ஏற்றினாள். சங்கிலி இழுபடுகிற ஓசை. அதன்பின் கிளம்பிய அலறலில் மரத்திலிருந்த குரங்குகள் அத்தனையும் அடுத்த மரத்துக்குத் தாவின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மான்கூட்டம் ஓடியதை ஜீப் டிரைவர் பார்த்திருக்கிறார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, வாளி மாறிப் போச்சு," என்றாள் வெந்நீரம்மா மூக்கால். ஏழு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் பொய்யும் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து, தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக, நாலாம் நம்பர் மறைப்பைத் தேடிக்கொண்டு வந்தார் அக்கா புருஷன். இவளைப் பார்த்தார். வாய் பிளந்தது. "நீ... நீயா..." என்று ஆரம்பித்தவரின் வாயை ஈரக் கையால் பொத்தி, விறகு அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"மாமா, நான் இங்க இல்ல."

கைக்குள்ளிருந்து தலையாட்டினார். கையை எடுத்தாள்.

"சரிம்மா, நீ இங்க இல்ல," என்றார் கிசுகிசுப்பாக. "சௌக்கியமா இருக்கியா? மெலிஞ்சு போயிட்டியே. மேனேஜர்னாங்க?"

"அதெல்லாம் அப்புறம். அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம்?"

"அவகிட்ட விட மாட்டேன். ஆனா எனக்கு வயித்துல எதுவும் தங்காதும்மா, உனக்கே தெரியும். யார்கிட்டயாச்சும் சொல்லியாகணும்."

சண்டை எதனால் என்று கேட்டால், ஒரு ஊக்கு. வெந்நீரம்மாவின் மகள் கல்யாணத்தன்று, குடும்பமாகப் படம் எடுக்க எல்லாரும் மேடையில் நின்றார்கள். மணப்பெண்ணின் தோளில் துணி நழுவியது. "இரு, ஊக்கு எடுத்துட்டு வரேன்," என்று மாடிக்கு ஓடினாள் அக்கா. போட்டோக்காரர் அவசரக்காரர். "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். வந்தாச்சு என்று சொன்னது வெந்நீரம்மாதான். ஏன் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. காலையிலிருந்து நூறு கேள்விக்கு "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படிப் பழகியிருந்தது. அக்கா வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு படி இறங்கிய நொடியில் பளிச்சென்று மின்னியது வெளிச்சம். கூடப்பிறந்தவள் இல்லாத குடும்பப் படம். அதைச் சட்டம் போட்டுச் சம்பந்தி வீட்டுக் கூடத்திலும் மாட்டிவிட்டார்கள். "நான் குடும்பமே இல்லைன்னா அப்புறம் பேச்சு எதுக்கு?" என்றாள் அக்கா. "போட்டோக்காரன் பண்ணதுக்கு நான் என்ன பண்ண?" என்றாள் தங்கை. அன்றோடு சரி. அவள் முதலில் பேசட்டும் என்று இவள், இவள் பேசட்டும் என்று அவள்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. அக்காவிடம் மூச்சு விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மற்ற எல்லாரிடமும் விட்டுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்கார்ந்ததும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ரொட்டியைப் பாராட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து கை கழுவுகிற சாக்கில் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் பல் டாக்டரம்மா. "முப்பது நாளா வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு நாக்கால பல்லை ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. நாற்காலில உக்காந்தா ஒரு நிமிஷ வேலை. நீங்க நேரா போய் முன்னாடி நில்லுங்க."

புதுப்பெண் சொன்னாள், "நீங்க பேசாதீங்க ஆன்ட்டி. சளியான்னு கேட்டாங்கல்ல, அவங்களுக்குப் பாசம் இருக்கு. அவங்களே வருவாங்க."

"ஊக்கு எடுக்கப் போனவங்களை விட்டுட்டுப் படம் எடுத்தா யாருக்கும் கோபம் வரும்," என்றான் புதுமாப்பிள்ளை. "அந்த அம்மா பக்கம்தான் நியாயம்."

"ஓ, அப்ப உங்க அக்கா நம்ம படத்துல இல்லன்னு நீங்க இன்னும் மனசுல வச்சிருக்கீங்க?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

ஒன்பது நாள் கல்யாணத்தின் முதல் சண்டை வெந்நீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நடந்தது. அவர்களைச் சமாதானம் செய்து அனுப்பவே வெந்நீரம்மாவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

டாக்டரம்மா மட்டும் போகாமல் விறகுக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்? அதைச் சொல்லுங்க."

"அவ பேசணும். ஒரு வார்த்தை அவ பேசிட்டா நான் ஓடிப்போய்க் கட்டிக்குவேன். நானாப் போயி, இந்தக் கரிக்கையோட அத்தனை பேர் முன்னாடி நின்னு, அவ முகத்தைத் திருப்பிக்கிட்டான்னு வைங்க? அப்புறம் நான் எந்த முகத்தோட இங்க தண்ணி இழுப்பேன்? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளன்னைக்குக் காலைல கிளம்பிடுவாங்க. போனா போனதுதான். இன்னொரு தரம் இந்தக் காட்டுக்கு எதுக்கு வரப்போறா?"

மறுநாள் குளியல் நேரத்துக்கு எல்லாரும் ஆளுக்கொரு திட்டத்தோடு இருந்தார்கள். யானைக்கும் ஒரு திட்டம் இருந்தது.

அந்த ஆண்யானைக்கு முகாமில் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். மாதம் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஒவ்வொரு கூடாரமாகத் தும்பிக்கையை நீட்டிச் சோதனை போட்டுவிட்டுப் போவார். யாரையும் ஒன்றும் செய்ததில்லை. ஆனால் சத்தம் கேட்டால் பிடிக்காது. அதனால் ஒரு சட்டம். சமையல் கூடாரத்துக் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறினால், இருக்கிற இடத்திலேயே ஒளிந்துகொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். துணி இறங்குகிறவரை ஒரு சொல் கூடாது. வந்த அன்றே மேனேஜர் இதை மூன்று முறை சொல்லிவிடுவார்.

அன்று மூன்றாம் நம்பரில் அக்கா தலைக்குச் சோப்புப் போட்டு நுரை பொங்க நின்ற சமயம், கம்பத்தில் துணி ஏறியது. வெந்நீரம்மா அடுத்த வாளியை ஏற்றிக் கட்டிவிட்டுத் திரும்பினாள். பதினைந்தடி தூரத்தில், புதருக்கு மேல், இரண்டு காது. அடுப்புக்கு ஓட நேரமில்லை. பக்கத்தில் இருந்த ஒரே மறைவு எதுவோ அதற்குள் நுழைந்தாள்.

உள்ளே, மார்பு வரை துண்டு கட்டி, தலையில் நுரைக் கோபுரத்தோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அக்கா பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணையும் திறந்தாள். சோப்பு உள்ளே போயிருக்கும். மூடவில்லை.

ஏழு வருஷத்துப் பேச்சு அத்தனையும் இரண்டு தொண்டையிலும் வந்து முட்டியது. வெந்நீரம்மா உதட்டில் விரலை வைத்து, துணிக்கு மேலே தெரிந்த கம்பத்தைக் காட்டினாள். பேசக் கூடாது. பேசினால் இன்ஸ்பெக்டர்.

தலைக்கு மேலே துணிச்சுவரைத் தாண்டி, சாம்பல் நிறத்தில் வளைந்து வந்தது தும்பிக்கை. வாளியைத் தடவியது. உள்ளே இறங்கியது. கர்ர் என்று உறிஞ்சியது. விளாவின வெந்நீர் அவருக்கும் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. கொஞ்சம் குடித்தார், கொஞ்சம் முதுகில் ஊதிக்கொண்டார், தூறல் இவர்கள் மேலும் விழுந்தது. அக்கா தன் தலையைத் தொட்டுக்காட்டி, வாளியைக் காட்டி, கையை விரித்தாள். என் தலையை அலச வைத்திருந்த தண்ணீர் போகிறதே!

வெந்நீரம்மா தோளைக் குலுக்கினாள். நான் என்ன பண்ண?

அந்தத் தோள் குலுக்கல்தான் வினை. அதே குலுக்கலைத்தான் கல்யாணத்தன்றும் குலுக்கினாள். அக்கா ஏழு விரலை நீட்டினாள். தங்கை பதிலுக்கு ஏழு விரலை நீட்டி, அக்காவையே சுட்டினாள். அக்கா பல்லுக்கிடையில் ஊக்கைக் கடிப்பதுபோல் உதட்டை வைத்துக்கொண்டு, துண்டை ஒரு கையால் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே படி இறங்கிக் காட்டினாள். தங்கை இரண்டு கையையும் கண்ணருகே வைத்துப் போட்டோக்காரராகி, மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துப் பறந்தாள். அக்கா அவள் வாயைக் காட்டினாள். "வந்தாச்சு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். தங்கை தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொண்டாள். ஆமாம், சொன்னேன், சொன்னேன், புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன்.

அக்கா நீட்டிய விரலை இறக்கினாள். பிறகு என்னவோ பொறி தட்டியவளாக, மெதுவாக மூக்கை இரண்டு விரலால் பிடித்து, புருவத்தைத் தூக்கினாள். நீயா அது?

தங்கை தலையாட்டினாள்.

அக்கா தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினாள். அந்த ஐஸ் வாளி?

தங்கை இன்னும் பெருமையாகத் தலையாட்டினாள்.

அக்காவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். துண்டின் முனையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த வெந்நீரம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. துண்டின் மறுமுனை இவள் வாயில். இரண்டு பேரும் ஒரே துண்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், மூக்காலும் கண்ணாலும் வழிய வழியச் சிரித்தார்கள். யானை ஒரு நிமிஷம் நின்று, துணியை முகர்ந்து பார்த்து, இதென்ன வம்பு என்பதுபோல் திரும்பி நடந்தது.

சிவப்புத் துணி இறங்கியது.

இனிப் பேசலாம். அக்கா துண்டை வாயிலிருந்து எடுத்துச் சரியாகக் கட்டிக்கொண்டாள். தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். சிரித்ததெல்லாம் சரி. சிரிப்பு கணக்கில் வராது. முதல் வார்த்தை யாருடையது?

இரண்டு பேர் உதடும் இறுகின.

வெளியே காலடிச் சத்தம். "மூணாம் நம்பர்! உள்ள யாரு? பத்திரமா இருக்கீங்களா?" மேனேஜர்.

பதில் இல்லை. இவள் குரல் கொடுத்தால் அவள், 'நீதான் முதலில்' என்பாள். அவள் கொடுத்தால் இவள்.

"அம்மா! வெந்நீரம்மா! உள்ளயா இருக்கீங்க?"

கப்சிப்.

"துணி கிழிஞ்சிருக்கா பாருங்க," என்றாள் டாக்டரம்மா, குரல் நடுங்க. புதுப்பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து எந்தப் பக்கம் ஓங்குவது என்று தெரியாமல் நின்றார்.

"நான் நுழைஞ்சு பாக்கட்டுமா?" என்றான் புதுமாப்பிள்ளை.

"குளிக்கிற இடம்பா, நீ எப்படிப் போவ?" என்று மேனேஜர் இழுத்தார்.

அப்போது மாமாவின் குரல் உடைந்து கேட்டது. "போச்சு! எல்லாம் போச்சு! முப்பத்தாறு வருஷத்துல அவ அஞ்சு நிமிஷம் பேசாம இருந்ததே கிடையாது. தூங்கறப்பகூடப் பேசுவா. நான் பாவி. நேத்துக் காலைலயே சொல்லியிருக்கணும், உன் தங்கச்சி இங்கதான் இருக்கான்னு. மேஜைல உக்காந்த அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன், அவகிட்ட மட்டும் சொல்லலையே!"

"என்னது?"

மறைப்புத் துணி விலகியது. தலையில் நுரையோடு அக்கா முகத்தை மட்டும் நீட்டினாள்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு? அத்தனை பேருக்கும் தெரியுமா? அதான் ரொட்டி ரொட்டின்னு உயிரை விட்டீங்களா எல்லாரும்? நான் ஒருத்தி முட்டாளா உக்காந்து வெண்ணெய் தடவிக்கிட்டு இருந்தேனா? வீட்டுக்கு வாங்க, உங்களை..."

"அவரைத் திட்டாதக்கா," என்றாள் வெந்நீரம்மா. "நான்தான் சத்தியம் வாங்கினேன்."

அக்கா சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் வெற்றி.

"நீ பேசிட்ட! நீதான் முதல்ல பேசின! எல்லாரும் கேட்டீங்கல்ல?"

வெந்நீரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நொடி விட்டுவிட்டாள். "நானா? நேத்து அரை மணி நேரம் துணிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்கிட்டப் பேசினது யாரு? ஆவி பிடின்னு வைத்தியம் வேற."

"அது உன்கிட்ட இல்ல. தண்ணி இழுக்கறவகிட்ட."

"தண்ணி இழுக்கறவதான் நான்."

"மேனேஜர்னு சொன்னாங்களே?"

"நாலு வாளிக்கு மேனேஜர்."

அக்கா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கயிறு அறுத்த காய்ப்பு, கரி, முழங்கையில் பழைய சூட்டு வடு. முகத்தைத் திருப்பவில்லை. "வெந்நீர் போடத் தெரியாதவளை வெந்நீருக்கே வச்சிருக்காங்க பாரு," என்றாள். ஆனால் கையை விடவில்லை.

முதலில் பேசியது யார் என்று மத்தியானம் மேஜையில் ஓட்டெடுப்பு நடந்தது. டாக்டரம்மாவும் புதுமாப்பிள்ளையும் தங்கை என்றார்கள், புதுப்பெண்ணும் சமையல்காரரும் அக்கா என்றார்கள். மேனேஜர், தான் வேலைக்கு இருக்கிற இடத்தில் ஓட்டுப் போடக் கூடாது என்று நழுவினார். மாமாவைக் கேட்டதற்கு அவர் ரொட்டியைப் பாராட்டினார்.

அக்கா அந்த ஓட்டெடுப்புக்கே வரவில்லை. சோப்பு காய்ந்து மொடமொடவென்று நின்ற தலையோடு அடுப்படிக்கு வந்து, தானே முழங்கையை முக்கி, "இன்னும் ஒரு சொம்பு சுடுதண்ணி சேரு," என்று சொல்லி அலசிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு விறகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். ஆரம்பித்தாள். ஏழு வருஷத்தில் யார் வீட்டில் யார் பிரசவித்தது, யாருக்குப் பித்தப்பையை எடுத்தது, யார் யாரோடு ஓடிப்போய் யார் சொல்லித் திரும்பி வந்தது, ஒன்றையும் விடுவதாக இல்லை. வருஷவாரியாக வந்தாள். இடையில் வெந்நீரம்மா குறுக்கே பேசினால், "இரு, அது நாலாவது வருஷம்," என்று அடக்கினாள். மத்தியானச் சவாரிக்கு ஜீப் ஹாரன் அடித்தது. "நீங்க போங்க. நான் யானையைப் பாத்தாச்சு, அதுவும் என்னைப் பாத்தாச்சு," என்று திரும்பிப் பார்க்காமலே கையாட்டினாள். இருட்டுகிறதற்குள் இரண்டு முறை சண்டை வந்தது. இரண்டு முறையும் சண்டையை ஆரம்பித்தவளே முதலில் பேசினாள், பேசாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை, பெட்டியெல்லாம் வேனில் ஏறிவிட்டது. டாக்டரம்மா முன் சீட்டில். புது ஜோடி பின்னால், கையைக் கோத்துக்கொண்டு. மாமா ஒரு காலை உள்ளே வைத்து, அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "ஏம்மா, வேன் கிளம்புது."

அக்கா கையில் கயிறு. வாளி பாதி ஏறி நின்றது. வெந்நீரம்மா, "இப்படி இழுத்தா ரெண்டே நாள்ல இடுப்பு போயிடும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க," என்று கத்தினாள் அக்கா. "அஞ்சாவது வருஷத்துக்குத்தான் வந்திருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. முடிச்சுட்டு பஸ்ல வரேன்."

"அப்ப சாப்பாடு?"

"முட்டை இருக்கு, அடுப்பு இருக்கு. கை இருக்குல்ல?"

மாமா இன்னொரு காலையும் உள்ளே வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டார். வேன் புழுதி கிளப்பித் திரும்பும்போது ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. முப்பத்தாறு வருஷத்தில் முதல் முறையாக லீவு கிடைத்த ஆளைப்போல் இருந்தது.